மாட்டாஸ்பத்திரி பெஞ்சில் கேட்ட கேள்விகள்

எங்க ஊர்ப் பக்கம் யாரும் "கால்நடை மருந்தகம்" என்று சொல்வதில்லை. போர்டில் அப்படித்தான் எழுதியிருக்கும், ஆனால் பஸ் கண்டக்டர் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அது மாட்டாஸ்பத்திரி. நாயைக் கூட்டிக்கொண்டு போனாலும் மாட்டாஸ்பத்திரிதான், கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு போனாலும் மாட்டாஸ்பத்திரிதான்.

நான் அந்த இடத்துக்குப் போக ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொரோனா சமயத்தில் சென்னையிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊருக்கு வந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினேன். பிள்ளைகள் கேட்டார்கள் என்று பக்கத்துத் தெருவில் ஒரு நாட்டு நாய்க்குட்டி வாங்கினோம். டைகர் என்று பெயர். ஏழு வாரத்தில் முதல் தடுப்பூசி போட்டாயிற்று. டாக்டர் அட்டையில் அடுத்த தேதியை நீல மையில் எழுதி, வட்டமும் போட்டுக் கொடுத்தார். அந்த வாரம் ஆபீஸில் ரிலீஸ். "அடுத்த வாரம் போலாம்" என்றேன். அடுத்த வாரமும் ஏதோ ஒன்று. பத்து நாள் தள்ளிப்போனது. ஒரு நாள் காலையில் குட்டி சாப்பிடவில்லை, மத்தியானம் வாந்தி, ராத்திரி ரத்தமாகக் கழிச்சல். டிரிப் ஏற்றியும் மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது. கொல்லையில் குழி தோண்டும்போது என் மகள் பக்கத்தில் நின்றாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஊசி போட்டிருந்தோமே டாக்டர், அப்புறம் எப்படி வந்துச்சு?" என்று நான் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னார். அது பாதிதான் புரிந்தது. மீதியைப் படிக்கப் போனேன். படித்ததில் வந்த சந்தேகங்களைக் கேட்க மறுபடி அவரிடம் போனேன். அப்படியே பழக்கமாகிவிட்டது. சில சனிக்கிழமைகளில் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், அவர் என்ன சொல்கிறார் என்று நோட்டில் எழுதி வைத்தேன். இது அந்த நோட்டிலிருந்து.

ஒரு நாளின் வேலை

முதலில் ஒரு விஷயம். சினிமாவில் "மாட்டு டாக்டர்" என்றால் சிரிப்பதற்கான பாத்திரம். படிப்பு என்னவோ ஐந்தரை வருஷம், பயிற்சிக் காலத்தையும் சேர்த்து. மாடு, ஆடு, பன்றி, குதிரை, நாய், பூனை, கோழி என்று அத்தனை உடம்பையும் படிக்க வேண்டும். மாட்டுக்கு நாலு அறை வயிறு, குதிரைக்கு ஒன்று, கோழிக்குப் பல்லே கிடையாது. சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. 1989-ல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் வந்தது, இந்தியாவிலேயே அதுதான் முதல்.

காலையில் மருந்தகம் திறப்பதற்கு முன்பே வாசலில் ஆடுகள் நிற்கும். கழிச்சல், இருமல், குளம்பில் புண். பிறகு சினை ஊசிக்கு மாடுகள். இது எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்த வேலை. உறைவிந்துக் குச்சிகள் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் கிடக்கின்றன. அந்தக் கேனை பைக்கில் கட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போகிறார்கள். ஒரு குச்சியை எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிஷம் வைத்து, உடனே செலுத்த வேண்டும். நம்ம டேட்டா சென்டரில் கூட இவ்வளவு கட்டுப்பாடு இருக்குமா தெரியவில்லை.

"ஊசி போட்டும் சினை நிக்க மாட்டேங்குது, மருந்து சரியில்ல" என்பது அடிக்கடி வரும் புகார். டாக்டர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: "மாடு எப்ப கத்த ஆரம்பிச்சுச்சு?" பசுவுக்கு 21 நாளைக்கு ஒருமுறை பருவம் வருகிறது, அது நீடிப்பது ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரம். கருமுட்டை வெளிவருவது பருவ அறிகுறி அடங்கிய பிறகு. அதனால் காலையில் அறிகுறி தெரிந்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. கத்தின உடனே ஓட்டி வந்தாலும் வீண், வேலையெல்லாம் முடித்து ரெண்டு நாள் கழித்து வந்தாலும் வீண். நேரத்தைத் தவறவிட்டால் இன்னொரு 21 நாள் காத்திருக்க வேண்டும். ஒரு கறவை மாட்டை நம்பி இருக்கிற வீட்டுக்கு அந்த 21 நாள் தீவனச் செலவு சாதாரணம் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் வீட்டு அழைப்புகள். கன்று தலை திரும்பி மாட்டிக்கொண்டது, நஞ்சுக்கொடி விழவில்லை, கன்று ஈன்ற மறுநாள் மாடு எழுந்திருக்கவில்லை. கடைசியாகச் சொன்னது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சில்லென்று இருக்கும். பால் சுரக்க ஆரம்பித்ததும் ரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து மளமளவென்று இறங்கிவிடுகிறது. செத்தது போலக் கிடக்கும் மாட்டுக்கு நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினால், பல நேரம் கொஞ்ச நேரத்தில் ஏப்பம் விட்டு எழுந்து நிற்கும். அந்த வீட்டு ஆச்சி டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டதை நான் நேரில் பார்த்தேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு பையை மூடினார்.

கல்யாண சீசனில் தனியாக ஒரு வரிசை வரும். "சோறுதானே டாக்டரய்யா தின்னுச்சு, அதுக்குப் போய் ஆடு சாகுமா?" சாகும். ஆடு மாட்டின் முதல் வயிறு ஒரு நொதித்தொட்டி. அங்குள்ள நுண்ணுயிர்கள் புல்லுக்கும் வைக்கோலுக்கும் பழகியவை. பந்தியில் மீந்த சோறு ஒரே நேரத்தில் உள்ளே போனால், மாவை லாக்டிக் அமிலமாக மாற்றும் கிருமிகள் தாறுமாறாகப் பெருகும். வயிற்றில் அமிலம் ஏறும், அசைபோடுவது நிற்கும், உடம்பின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும், ஆடு படுத்துவிடும். ஆப்ப சோடா கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கொடுப்பதுண்டு, ஆனால் அளவை டாக்டரிடம் போனிலாவது கேட்டுக்கொள்ள வேண்டும். தலையை மேலே தூக்கிப் பிடித்து வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குப் போக வாய்ப்பு அதிகம். வயிற்று நோயோடு வந்த ஆடு நிமோனியாவில் போவது இப்படித்தான்.

தை மாசத்து வேலை

புதுக்கோட்டை மாவட்டத்தில் கால்நடை மருத்துவராக இருப்பதற்கு ஒரு தனி அம்சம் உண்டு. தமிழ்நாட்டில் அதிக ஜல்லிக்கட்டு நடக்கிற மாவட்டம் இது. கந்தர்வகோட்டை பக்கம் தச்சங்குறிச்சியில் ஜனவரி தொடக்கத்தில் வருஷத்தின் முதல் வாடிவாசல் திறக்கும், அதற்குப் பிறகு வெயில் காலம் வரை ஊர் ஊராக ஓடும். 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்தார்கள், அது உலக சாதனையாகப் பதிவானது.

டிவியில் நாம் பார்ப்பது வாடிவாசலுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் நிற்பவர்கள் கால்நடை மருத்துவர்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017-ல் மெரினா போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு தனிச் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அது செல்லும் என்றது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் நிற்பது மருத்துவப் பரிசோதனையின் மேல்தான். ஒவ்வொரு காளைக்கும் உடல் தகுதி, வயது, காயம், போதைப் பொருள் கொடுத்திருக்கிறார்களா, கண்ணில் ஏதாவது தடவியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும்.

வயதை எப்படிப் பார்க்கிறார்கள்? பல்லைப் பிடித்துத்தான். மாட்டுக்கு மேல் முன்பல் கிடையாது. கீழே எட்டு. பால் பல் விழுந்து நிலைப்பல் ஜோடி ஜோடியாக முளைக்கும். ரெண்டு பல் என்றால் சுமாராக ரெண்டு வயசு, நாலு பல் மூணு வயசு, ஆறு பல் நாலு, எட்டும் சேர்ந்தால் அஞ்சு வாக்கில். சந்தையில் மாட்டுத் தரகர் வாயைத் திறந்து பார்ப்பதும் இதே கணக்குதான்.

நூற்றுக்கணக்கான காளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம், சுற்றி நிற்கிற நாற்பது பேருக்கும் தங்கள் காளைதான் ஊரின் மானம். "இது நொண்டுது, விட முடியாது" என்று ஒருவர் சொல்ல வேண்டும். டோக்கன் வாங்கி, ராத்திரியெல்லாம் லாரியில் நின்று வந்தவர்கள் முன்னால் அதைச் சொல்வது லேசான காரியமா? "அன்னைக்கு மட்டும் நான் யாருகிட்டயும் சிரிச்சுப் பேச மாட்டேன் சார்" என்றார் நண்பர். சிரித்தால் சலுகை கேட்பார்களாம்.

தொண்டையில் மாங்கொட்டை

என் நோட்டில் சிவப்பு மையில் எழுதிய பக்கம் இது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை ஒரு பெரியம்மாவும் அவர் மகனும் வந்தார்கள். மாட்டை ஓட்டி வரவில்லை. "தொண்டையில மாங்கொட்டை சிக்கிருச்சு போல. எச்சியா ஊத்துது, தண்ணி குடிக்க முடியல, ஒரு மாதிரி கம்மின குரல்ல கத்துது. தம்பி கையை விட்டுப் பார்த்தான், ஒண்ணும் அகப்படல. நீங்க வந்து எடுத்து விடணும்."

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். கேட்ட முதல் கேள்வி மாங்கொட்டையைப் பற்றி இல்லை. "ஒரு ரெண்டு மாசத்துக்குள்ள நாய் ஏதாவது கொட்டகைப் பக்கம் வந்துச்சா?"

வந்திருந்தது. ஒன்றரை மாசத்துக்கு முன்னால் ஒரு தெருநாய் மாட்டின் மூக்கில் கடித்துவிட்டு ஓடியிருக்கிறது. சின்னக் காயம், மஞ்சள் வைத்தார்களாம், மறந்துவிட்டார்கள்.

அவர் அந்தத் தம்பியின் கையைக் காட்டச் சொன்னார். விரல்களில் கரும்பு சீவிய சின்னச் சின்ன வெட்டு. அங்கேயே குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கை வரை கால் மணி நேரம் கழுவ வைத்தார். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, மாட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் அரசு மருத்துவமனைக்குப் போ என்று அனுப்பினார். பையன் தயங்கினான். "தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி போடுவாங்களாமே?"

அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பூசி, ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்து எடுத்தது. அதைத்தான் வயிற்றில் 14 நாள் வரை போட்டார்கள். குன்னூர் பாஸ்டர் நிலையம், 1907-ல் தொடங்கியது, பல பத்தாண்டுகள் அந்த ஊசியைத் தயாரித்தது. வலி மட்டும் பிரச்சினை இல்லை, மூளைத் திசு கலந்திருப்பதால் சிலருக்குப் பக்கவாதம் போன்ற விளைவுகளும் வந்தன. இந்தியா 2004 இறுதியில் அதை நிறுத்திவிட்டது. இப்போது போடுவது செல்லில் வளர்த்த தடுப்பூசி. அரசு மருத்துவமனையில் கையில், தோலுக்குள், 0, 3, 7, 28 ஆம் நாட்களில் போடுகிறார்கள். ஊசி மாறி இருபது வருஷம் ஆகியும் கதை மாறவில்லை. அந்தக் கதைக்குப் பயந்து ஊசியைத் தள்ளிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த மாடு நாலு நாளில் இறந்தது. பையன் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டான், நன்றாக இருக்கிறான். மாட்டுக்கு ரேபிஸ் வந்தால் நாய் மாதிரி ஓடிக் கடிக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பெரும்பாலும் எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது, குரல் கம்மும். பார்க்கிறவர்களுக்கு ஏதோ சிக்கியிருப்பது போலத்தான் தெரியும். அதனால் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: எச்சில் ஒழுகுகிற மாட்டின் வாயில் வெறுங்கையை விடாதீர்கள்.

இது தொடர்பாக பெஞ்சில் கேட்ட மற்ற கேள்விகள்:

அந்த மாட்டுப் பாலைக் குடித்துவிட்டோமே? காய்ச்சிக் குடித்திருந்தால் பயமில்லை, சூட்டில் வைரஸ் நிற்காது. ஆனால் நோய் தெரிந்த பிறகு அந்தப் பாலைக் கறக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. கறக்கிறவர்தான் எச்சிலுக்குப் பக்கத்தில் இருப்பவர்.

வீட்டு நாய் கடித்தது, பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாமா? இல்லை. இந்தப் பத்து நாள் கணக்கைத்தான் நிறைய பேர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், நானும்தான். வைரஸ் கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போய், அங்கிருந்துதான் எச்சிலுக்கு வருகிறது. எச்சிலில் வைரஸ் வந்த சில நாட்களில் நாய்க்கு அறிகுறி தெரிந்து, செத்துவிடும். கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று பொருள். அப்போது மீதி ஊசியை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஊசியை அன்றே தொடங்க வேண்டும், கவனிப்பதும் அன்றிலிருந்து நடக்க வேண்டும். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும். குரங்குக்கோ மாட்டுக்கோ பொருந்தாது.

நக்கினால்? தோல் முழுசாக இருந்தால் கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல் என்றால் தடுப்பூசி. ரத்தம் வந்த கடி, அல்லது ஏற்கெனவே இருக்கும் புண்ணில் எச்சில் பட்டால், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். தடுப்பூசி உடம்பைத் தயார் செய்ய நாள் எடுக்கும், அதுவரை காவல் காக்க வெளியிலிருந்து கொடுக்கிற ஆயத்த எதிர்ப்புப் பொருள் அது. எதுவானாலும் முதல் வேலை, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் உலகின் ரேபிஸ் மரணங்களில் 36 சதவீதம் இந்தியாவில். அறிகுறி வந்துவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. வருவதற்கு முன்னால் சரியாக ஊசி போட்டால் ஏறக்குறைய யாரும் சாவதில்லை. வேறு எந்த நோயிலும் இந்த இரண்டு வாக்கியமும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

என் கேள்விக்கு வந்த பதில்

"ஊசி போட்டிருந்தோமே, எப்படி வந்துச்சு?"

டைகருக்கு வந்தது பார்வோ. 1970-களின் கடைசியில்தான் இந்த வைரஸ் நாய்களிடம் உலகமெங்கும் பரவியது. குடலின் உள்தோலை உரித்துவிடும், வெள்ளணுக்களையும் அழிக்கும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும், அதனால் "குட்டி வெளியே போகவே இல்லையே" என்பது பாதுகாப்பு ஆகாது. இதைக் கொல்ல நேரடி மருந்து இல்லை. டிரிப், வாந்தி நிறுத்த மருந்து, கிருமித்தொற்று தடுக்க மருந்து என்று கொடுத்து, உடம்பு தானே மீள்கிற வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். சீக்கிரம் கொண்டு போனால் பல குட்டிகள் பிழைக்கின்றன.

இப்போது தடுப்பூசிக் கணக்கு. குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது நாளாக நாளாகக் குறையும், ஏறக்குறைய பத்து நாளைக்கு ஒருமுறை பாதியாக. அது நிறைய இருக்கும்போது தடுப்பூசி போட்டால், தாய் கொடுத்த சக்தி அந்த ஊசியையே எதிரி என்று நினைத்து அழித்துவிடும். குட்டியின் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. ரொம்பக் குறைந்த பிறகு போடலாம் என்றால், அதற்குள் வைரஸ் புகுந்துவிடும். இதில் மோசமான பகுதி நடுவில் இருக்கிறது: ஊசியை முறியடிக்கப் போதுமான அளவு, ஆனால் நிஜ வைரஸைத் தடுக்கப் போதாத அளவு. அந்த இடைவெளி எந்த வாரத்தில் வரும் என்பது ஒவ்வொரு குட்டிக்கும் வேறு. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே வேறு.

எந்த நேரத்தில் சர்வர் பதில் சொல்லும் என்று தெரியாதபோது என்ன செய்வோம்? திரும்பத் திரும்பக் கேட்போம். அதேதான். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தாண்டும் வரை. முதல் ஊசி "அரைப் பாதுகாப்பு", இரண்டாவது "மீதிப் பாதுகாப்பு" என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒவ்வொரு ஊசியும் ஒரு முயற்சி, எது பலித்தது என்று வெளியே தெரியாது. எனவே கடைசி ஊசிதான் முக்கியமானது. நான் தள்ளிப்போட்ட அந்தப் பத்து நாள் டைகரின் இடைவெளியில் விழுந்திருக்கலாம், விழாமலும் இருந்திருக்கலாம். ஆனால் நீல மையில் வட்டம் போட்டிருந்த தேதிக்கு ஒரு காரணம் இருந்தது, அதை நான் கேட்கவில்லை.

அடிக்கடி வரும் மற்ற கேள்விகள்

மூக்கு காய்ந்திருக்கிறது, காய்ச்சலா? மூக்கை வைத்துச் சொல்ல முடியாது. தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் வழி. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. நமக்குக் காய்ச்சல் என்று தோன்றுவது அதற்கு நல்ல ஆரோக்கியம்.

தயிர்சாதம் மட்டும் போதுமா? போதாது. நாய் சோறு செரிக்கும், ஆனால் அதற்குப் புரதம் வேண்டும். முட்டை, கோழி, மீன் ஏதாவது தினமும் இருந்தால் வீட்டுச் சாப்பாடு தவறில்லை. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும், எனவே சாம்பார்சாதம், பிரியாணி மிச்சம் வேண்டாம். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் இதயத்தைத் தாக்கும். வேகவைத்த கோழி எலும்பு கூர்மையாகச் சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் கொடுக்கலாமா? பூனைக்குக் கூடவே கூடாது. அந்த மருந்தை முறிக்கிற நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு, ஒரு மாத்திரை உயிரை எடுக்கப் போதும். நாய்க்கு இப்யூபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் தரும். மனிதருக்கு நல்ல மருந்து எல்லா உயிருக்கும் நல்லதல்ல என்பதற்குப் பெரிய உதாரணம் டைக்ளோஃபெனாக். மாட்டுக்கு வலி ஊசியாகப் போட்டது. செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு லட்சக்கணக்கில் அழிந்தன. 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள்.

உண்ணி போகவே மாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றிக் கொண்டுவரும் நாய்களை நானே பார்த்தேன், தோல் வெந்திருக்கும். உண்ணி நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான். முட்டையும் குஞ்சும் சுவர் வெடிப்பில், கூண்டு மூலையில் ஆயிரக்கணக்கில் இருக்கும். நாய்க்கு மருந்து போடுகிற அன்றே இடத்துக்கும் மருந்தடிக்க வேண்டும். நாய்க்கான சில உண்ணி மருந்துகள் பூனைக்கு விஷம், இரண்டும் வளர்ப்பவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், தாமதிக்க வேண்டாம்.

ஹஸ்கி வளர்க்கலாமா? புதுக்கோட்டை வெயிலில் நமக்கே முடியவில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மூக்கு சப்பையான பக் போன்ற இனங்களுக்கு அதுவும் கஷ்டம். சித்திரை மத்தியானத்தில் நாய் தள்ளாடினால், நிழலுக்குக் கொண்டுவந்து சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, காற்று படவைத்து, பிறகு தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இந்த மண்ணுக்கென்றே சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை இருக்கின்றன, தெருவில் நாட்டுக்குட்டியும் சும்மா கிடைக்கிறது.

ஒரு தடவையாவது குட்டி போட்ட பிறகு கருத்தடை செய்யணுமாமே? அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயசான காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது அடிக்கடி வருகிறது. அப்போது செய்கிற அறுவை, சின்ன வயசில் செய்வதைவிடப் பல மடங்கு ஆபத்து.

நாட்டு வைத்தியம் பலிக்குமா? சிலது பலிக்கும். தஞ்சாவூரில் இருந்த கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி மூலிகை வைத்தியத்தை முறைப்படுத்தினார். மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, பாலைக் கறந்துவிட்டு நாளைக்குப் பலமுறை தடவுவது அவர் பரப்பியது. எங்க டாக்டரும் இதைச் சொல்லி அனுப்புகிறார். மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலோடு இருந்தால் இதோடு நிற்காதே என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

டாக்டரிடம் போகும்போது

பேஷண்ட் பேசாது. லாக் ஃபைல் இல்லாத சிஸ்டத்தை டீபக் பண்ணுவது மாதிரி. அந்த லாக் நாம்தான். கடைசியாக எப்போது சாப்பிட்டது, தண்ணீர் குடிக்கிறதா, மூத்திரம் போகிறதா, சாணம் அல்லது மலம் எப்படி இருக்கிறது, என்ன மருந்து ஏற்கெனவே கொடுத்தீர்கள். கடைசிக் கேள்விக்குத்தான் நிறைய பேர் பொய் சொல்கிறார்கள், கோபித்துக்கொள்வார் என்று. வலிப்பு, இருமல், நொண்டல் என்றால் போனில் வீடியோ எடுத்துப் போங்கள், மருந்தகத்துக்கு வந்ததும் அது நின்றுவிடும். தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். தூக்கிவர முடியாத மாட்டுக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை ஊர்தியைக் கூப்பிடலாம்.

இந்தத் துறை பெரிய காரியமும் செய்திருக்கிறது. நம் தாத்தா காலத்தில் கொட்டகை கொட்டகையாக மாட்டை வாரிக்கொண்டு போன வெக்கை நோய் இன்று உலகில் இல்லை. இந்தியாவில் அது கடைசியாகத் தென்பட்டது 1995-ல், நம் வட ஆற்காடு பக்கம். 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதர்கள் ஒழித்த இரண்டாவது நோய் அதுதான். பைக்கில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் செய்தது அது.

போன வருஷம் மறுபடி ஒரு குட்டி வந்தது. பெயர் வைத்தது மகள்தான், மணி. மூன்று ஊசியும், ரேபிஸ் ஊசியும் அந்தந்தத் தேதியில் போட்டாயிற்று. ஒரு தேதி ஆபீஸில் ரிலீஸ் நாளில் வந்தது. மீட்டிங்கில் "ஒரு மணி நேரம் இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய் வந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் தடவையும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.